திரையில் தைத்த கோட்டு

"எந்தக் கோட்டை மாட்டினாலும் முதுகு துணியைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துருதுக்கா. பத்து நாளா மல்லுக்கட்டுறேன். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றான் ரஷாத்.

லீலா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாயுடுபுரத்தில் டெய்லர் கடை வைத்திருப்பவள் அவள். மூன்று வருடமாக அவளிடம் ரவிக்கை தைத்துக்கொள்ளும் சப்ரின், "என் தம்பி கம்ப்யூட்டர்ல பொம்மைங்களுக்கு உடுப்பு தைக்கிறான், வெளிநாட்டுக் கம்பெனிக்கு. ஒரு தடவை வந்து பாருங்கக்கா" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து மாடியில் விட்டுவிட்டு, டீ போடக் கீழே இறங்கிவிட்டாள்.

பெங்களூரில் படித்துவிட்டு வந்த அந்தத் தம்பியை லீலா பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் அரைகுறையாகத்தான். 2006ஆம் வருடத்து மானிட்டர் என்றால் சும்மாவா? பெரிய பெட்டியாக மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் அவன் முகம் மட்டும் தெரிந்தது. இவள் பக்கம் திருப்பி வைத்திருந்த இன்னொரு மானிட்டரில் அந்த உருவம் நின்றது.

ஆண் உருவம். முதுகு மேலே பொங்கி, இடது தோள் சரிந்து, கழுத்து முன்னால் நீண்டிருந்தது.

"கதையில இவன் வில்லனா தம்பி?"

"இல்லக்கா. ஹீரோ."

"ஹீரோவைப் போயி இப்பிடியா செய்வாங்க?"

"அப்பிடித்தான் செஞ்சு அனுப்பியிருக்கு" என்றான் ரஷாத். "நிமிந்து நிக்கிற பொம்மைக்கு ரெடிமேட் உடுப்பு எவ்வளவோ கெடக்கு. அதை எடுத்து இவனுக்கு மாட்டுனா இந்தக் கதிதான்."

ஏதோ தட்டினான். கழுத்து மூடிய நீளக் கோட்டு ஒன்று உருவத்தின் மேல் வந்து விழுந்தது. முதுகுத் தோல் துணியைத் துளைத்துக்கொண்டு திட்டுத் திட்டாக எட்டிப் பார்த்தது. தான் தைத்த தையலே விட்டுப்போனது போல லீலாவுக்குக் கூசியது.

"நாலு பேர் கூடியிருக்கிற விசேஷ சீன்க்கா. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கோட்டு சரியா வரலைன்னா, போர்வையைப் போத்தி உக்கார வச்சிர வேண்டியதுதான்."

"ஹீரோவையா? நல்லாருக்கே கதை. அளவைச் சொல்லுங்க, சோலியைப் பார்ப்போம்."

அவன் எந்தத் தாளையும் பார்க்கவில்லை. "இடது தோள் ஒண்ணரை இஞ்ச் எறக்கம். கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் முன்னால பதினாறு, பின்னால இருபத்தொண்ணு" என்று மளமளவென்று ஒப்பித்தான். கம்ப்யூட்டர்காரர்களுக்கு எல்லாமே மனப்பாடம் போலிருக்கிறது என்று லீலா வியந்துபோனாள்.

"முதுகை ஒரே துண்டா வெட்டுனதுதான் தப்பு. நடுவுல பிரிச்சு ரெண்டா வெட்டுங்க. கழுத்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் டக் பிடிங்க. பின்பக்கம் அஞ்சு இஞ்ச் நீளம் கூட்டுங்க, இல்லைன்னா வால் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும்."

அவள் சொல்லச் சொல்லத் திரையில் துணி வெட்டுப்பட்டது, மடிந்தது, ஒட்டிக்கொண்டது. கத்தரி இல்லை, நூல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. இருபத்தாறு வருடமாகத் தையல் மிஷினை மிதித்தவளுக்கு, வாயால் சொன்னது கண்ணெதிரே கோட்டாவதைப் பார்க்கப் பார்க்க மெய் சிலிர்த்தது.

"இடது தோள்ல பஞ்சு வச்சு ஏத்திரலாமாக்கா? சமமாத் தெரியுமே."

"வேணாம். மறைச்சுத் தைச்சா, பார்க்கிறவன் கண்ணு நேரா அங்கதான் போகும். தோள் எப்பிடி எறங்குதோ அப்பிடியே வெட்டுங்க. இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

ரஷாத் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பஞ்சு வைக்காமலே தோளை வெட்டினான்.

"இனிமேதான் கஷ்டம்" என்றான். "பொம்மைக்குள்ள எலும்பு இருக்கு. துணியை அந்தந்த எலும்போட கட்டிவிடணும். அவன் நடந்தா அதுவும் நடக்கணும், குனிஞ்சா குனியணும்."

லீலா தன் கையையே தூக்கி, மடக்கிப் பார்த்துச் சொன்னாள். "அக்குள் துணி பாதி கையோட போகும், பாதி விலாவோட நிக்கும். மொத்தமா ஒண்ணோட கட்டிராதீங்க."

கம்ப்யூட்டர் மடிப்புகளுக்குக் கணக்குப் போட்டது. சப்ரின் கொண்டுவந்து வைத்த டீ ஆறியது. அவள் கீழே போகாமல் கதவோரமாகவே நின்றாள். ஜன்னல் வழியாக மலை மஞ்சு புகையாக உள்ளே வந்தது.

பிறகு உருவம் அசைந்தது.

நடந்தது. கோட்டின் ஓரம் காலோடு சேர்ந்து ஆடியது. உட்கார்ந்தது. துணி தானாக விலகி இடம் விட்டது. யாருக்கோ கை கொடுப்பதற்காகக் குனிந்தது. முதுகின் மேல் கோட்டு ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது. எங்கேயும் கிழியவில்லை.

லீலா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். "ராஜா மாதிரி இருக்காரு தம்பி" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "கம்பெனிக்காரங்க ஒத்துக்குவாங்கல்ல?"

"இது கம்பெனி வேலை இல்லக்கா."

"பின்னே?"

"இதே கோட்டை நெசத் துணியில தைச்சுத் தரணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?"

"அதுக்கென்ன, வெரசா முடிச்சிரலாம். ஆனா போடுறதுக்கு ஆள் வேணாமா?" என்று சிரித்தாள் லீலா.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. மானிட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்த ரஷாத், சரிந்த இடது தோளும் மேலே பொங்கிய முதுகுமாக மேசையைச் சுற்றி மெதுவாக நடந்து வந்து அவள் முன்னால் நின்றான்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு நிக்காஹ்க்கா" என்றான்.