கி. வான்மதி, ஆம்பூர்

வாசகர் கடிதம் குறைந்தால், கேள்வி-பதில் பக்கத்துக்கு ஏதாவது ஒரு பெயர் போட்டுத் தாங்களே கேள்வி எழுதிக்கொள்வது அந்த வாரப் பத்திரிகையில் வழக்கம். அங்கே பதில் எழுதும் கிருபாகரன் மட்டும் பதினான்கு வருடமாக ஒரே பெயரைப் போட்டுவந்தார்: கி. வான்மதி, ஆம்பூர். எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகள். பத்திரிகையில் அவளை அவர் வளர விட்டிருந்தார். நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்டவள், பிறகு பூகம்பத்தைப் பற்றிக் கேட்டாள். போன மாதம் சோழர் கால வரிகளைப் பற்றி.

ஒரு வாரம் உடம்புக்கு முடியாமல் இருந்துவிட்டு வந்தவர் மேசையில் கிடந்த கேள்வி-பதில் பக்கத்தின் புரூஃபைப் பார்த்தார். கடைசியில் அவள் பெயர். அவர் எழுதாத கேள்வி.

'மீனுக்குத் தாகம் எடுக்குமா?'

"இடம் காலியா இருந்துச்சு சார். பழைய பேருதானேன்னு நான்தான் போட்டேன்," என்றாள் உதவி ஆசிரியர் மெர்லின். "சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி இருக்கோ? மாத்திடவா?"

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

கடல் மீன் தண்ணீர் குடிக்கும், ஆற்று மீனுக்கு அந்தத் தேவை இல்லை. பதில் அவருக்குத் தெரியும். பேனாவைத் திறந்து, 'இங்க வா, சொல்றேன்' என்று எழுதினார். அதற்குமேல் எழுதாமல், ஒரு பிள்ளை மடியில் ஏறும் அளவுக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.