டூப்

திரையில் முகமூடிக்காரன் வானைத் தொடும் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்தான். ஒற்றைக் கயிறு. எதிரே இருந்த கண்ணாடிக் கட்டடத்தில் மோதப் போகிறான் என்று நினைக்கும்போதே உடம்பை முறுக்கி, காற்றைக் கிழித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் பறந்தான். தியேட்டர் முழுக்க விசில்.

தையல்காரம்மா இருட்டில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய படம், இப்போது மெருகேற்றித் திரும்ப வந்திருக்கிறது. அந்த முகமூடிக்குள் இருந்தது அவள் புருஷன். கதாநாயகனுக்கு டூப்.

அந்தச் சிவப்பு உடுப்பைத் தைத்ததும் அவள்தான். ஒரே மாதிரி இரண்டு. கதாநாயகனுக்கு மூன்று தடவை அளவெடுத்தாள். புருஷனுக்கு அளவெடுக்கவே இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது.

"எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கீங்க" என்றாள் மெதுவாக.

"நீ சமைக்க ஆரம்பிச்ச புதுசு" என்றார் அவர்.

படம் முடிந்ததும் கதாநாயகனை மேடையேற்றினார்கள். தலை நரைத்து, ஒருவர் கைத்தாங்கலில்தான் நடக்க முடிந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, அந்தப் பறக்கிற காட்சியில் டூப் போட்டீர்களா என்று கேட்டாள்.

கதாநாயகனின் பார்வை வரிசை வரிசையாகத் தேடி, இவர்கள் மேல் வந்து நின்றது.

"இல்லம்மா. நான்தான்."

கைதட்டல் அடங்க நேரமானது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் அவள் கணவர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது; மேடையை முறைத்தாள். இவர்களைப் பார்த்துக்கொண்டே இப்படிச் சொல்ல என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்? வெளியே வரும்போது கதாநாயகன் இவர்களிடம் வந்தார். கணவரின் தோளில் கை போட்டு, காதோடு ஏதோ சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "தங்கச்சி நல்லா இருக்கீங்களா?" என்றார்.

அவள் கைப்பைக்குள் எதையோ தேடுவது போல, "இருக்கோம்" என்று பையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தாள். அந்த ஆள் டிவியில் வந்தாலே தான் அணைத்துவிடுவதை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்டலாகச் சிரித்ததை, 'எங்கப்பாதான் பறந்தார்' என்று பள்ளியில் சொல்லிவிட்டுப் பொய்க்காரி பட்டத்தோடு மகள் அழுதுகொண்டு வந்ததை.

"கொஞ்சமாவது ரோஷம் இருக்கா உங்களுக்கு? கை வேற தட்டுறீங்க."

அவர் ஜன்னல் வழியாக உயரமான கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, அதுவரை அவளிடம் சொல்லாததைச் சொன்னார்.

கீழ் மாடிகளில் மட்டும் எடுக்கத்தான் அனுமதி வாங்கியிருந்தார்களாம். இன்னும் மேலே, இன்னும் வேகமாக என்று டைரக்டருக்கு ஆசை வந்துவிட்டது. படப்பிடிப்பு ஒரு வருஷம் இழுத்து, கடைசித் தடவை பறந்தபோது இவர் கால் பட்டு ஒரு ஜன்னல் நொறுங்கி, கீழே நடந்து போனவர் தலையில் கண்ணாடி விழுந்தது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் போலீஸ் வந்து, கயிற்றில் தொங்கியது யார் என்று கேட்டது. இவர் வாயைத் திறப்பதற்குள், அதே உடுப்பில் நிழலில் உட்கார்ந்திருந்த கதாநாயகன் எழுந்து போய், தான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செய்தி பத்திரிகையில் வராமல் கம்பெனி பார்த்துக்கொண்டது; ஆனாலும் கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது.

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சத்தியம் வாங்கிட்டார். உனக்குத் தெரிஞ்சா நன்றி சொல்லாம இருக்க மாட்டே, நீ நன்றி சொன்னா ஊருக்கே கேட்கும்னார்."

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"இன்னைக்கு அவரே காதுல சொன்னார். 'தங்கச்சிகிட்ட மட்டுமாவது சொல்லிடுப்பா, அந்த முறைப்பைத் தாங்க முடியல'ன்னு."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கு என்னங்க தலையெழுத்து? எதுக்காக அப்படிச் செஞ்சார்?"

அவர் ஜன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார்.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் பக்கத்துலயே இருந்தேன்ல? அந்த நேரம் எனக்குப் பதிலா அவர் லாக்கப்புல இருந்தார்."