எழுதியவனுக்கு ஒரு கடிதம்

கலகெதர மிளகு வியாபாரி மஹ்ரூப் நானாவின் கடையில் கணக்குப் பார்க்கும் இலவச மென்பொருள் மூன்றாவது முறையாகப் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய மூன்றாவது முறையாக நானும் மஹய்யாவயிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தேன்.

"சும்மா தாறாங்க எண்டுதான் எடுத்தேன், தம்பி. சேர்வர் வேணும் எண்டீங்க, வாங்கினேன். மெமரி காணாது எண்டீங்க, அதையும் போட்டேன். வெசாக் தன்சல்ல சும்மா சாப்பாடு தாறாங்க எண்டு போனவன்ட்ட அரிசியும் விறகும் கேட்ட மாதிரி இருக்கு!"

"இந்த மென்பொருள எழுதினவன் சரியில்லங்க, நானா."

"அவனுக்கு ஈமெயில் இருக்கா? நான் சொல்றேன், நீங்க இங்கிலீசுல அடிங்க."

மடிக்கணினியைத் திறந்தேன்.

"அறிவு கெட்டவனே! ஒரு பட்டன அமத்தினா கம்பியூட்டர்ல திரும்ப ஏறுற மாதிரி செய்யத் தெரியாதா? செஞ்சிருந்தா இந்தத் தம்பிக்கு மூணு தரம் கூலி குடுப்பேனா? நீ உருப்படவே மாட்டாய்!"

எல்லாவற்றையும் அடித்தேன்.

"அனுப்புங்க!"

அனுப்பினேன். என் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

"என்ன, அதுக்குள்ள பதில் போட்டுட்டானா?"

"இல்லங்க, நானா," என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

திட்டு ஒரு சொல் குறையாமல் எனக்கே வந்து சேர்ந்திருந்தது.