சித்தப்பாவின் கார்

பதினெட்டு வயது முடிந்தவர்கள் குழந்தைகள் இல்லத்தில் இருக்கக் கூடாது. அதனால் செண்பகம் காலையிலேயே தன் தகரப் பெட்டியோடு கிளம்பி நின்றாள். வளாகத்துக்குள் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சமீபத்தில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த வார்டன் ரெஜினா, "உன் சித்தப்பா வந்திருக்காரும்மா. வேலையும் பாத்து வச்சிருக்காராம்," என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

காரிலிருந்து இறங்கியவர் சிரித்துக்கொண்டே பெட்டிக்காகக் கை நீட்டினார். செண்பகத்துக்கு அந்தச் சிரிப்பு நினைவிருந்தது. அவள் பெட்டியைக் கொடுக்கவில்லை.

"மிஸ், போன வருஷம் பியூலாவைக் கூட்டிட்டுப் போனப்ப இவரு அவளுக்குத் தாய்மாமா. இப்ப எனக்குச் சித்தப்பா. போனவ ஒரு போன்கூடப் பண்ணல."

ரெஜினாவின் முகம் வெளுத்தது. "பாப்பா வேற யாரையோ நெனச்சுப் பேசுது," என்றபடி வந்தவர் வேகமாகக் காருக்குள் ஏறிக்கொண்டார்.

அவர் போய்விட்டால் செண்பகம் தப்பித்துவிடுவாள். பியூலா தப்ப மாட்டாள். செண்பகம் தன் பெட்டியைக் கொண்டுபோய்க் காருக்கு முன்னால் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். 

எஞ்சின் உறுமியது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எந்திரி, ஏத்திருவேன்," என்றார்.

"ஏத்துங்க. இல்லன்னா பியூலா எங்க இருக்கான்னு சொல்லுங்க."

கார் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. செண்பகம் அசையவில்லை.

ரெஜினா ஓடிப்போய் வெளிக்கேட்டை இழுத்துப் பூட்டினாள். சாவியை இறுக்கிப் பிடித்தபடி திரும்பி வந்து காருக்கு முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு, நானும் உக்காந்துக்கறேன்," என்றாள்.