கைராசிக்காரர்

"போணி ஆவுற வரைக்கும் நீ இந்தத் திரையைத் தாண்டி வரக்கூடாது. புரியுதா?" சமையல்கட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு பழைய புடவையைக் கட்டிக்கொண்டே அப்பாதுரை தங்கையிடம் சொன்னான்.

ஆவி பறக்கும் இட்லிகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த காந்திமதி நிமிரவில்லை. "நான் ஊத்துன இட்லி மட்டும் முன்னால வர்லாமா?"

"இட்லிக்கா புருஷன் செத்தான்? நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத."

கோலியனூரில் புருஷன் போன பிறகு, காந்திமதி வீட்டு வாசலில் அடுப்பு வைத்துத்தான் பிழைத்தாள். அவள் இட்லிக்கும் வேர்க்கடலையை அரைத்த மல்லாட்டைச் சட்னிக்கும் ஜனங்கள் தூக்குவாளியோடு வந்து காத்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அண்ணன்காரனுக்கு ஓட்டல் வைக்கும் ஞானோதயம் பிறந்தது.

திண்டிவனத்தில் பஸ் போகிற ரோட்டிலேயே இடம் பிடித்தான். 'அப்பாதுரை டிபன் சென்டர்' என்று பேனர் அடித்து, அதில் கூலிங் கிளாஸ் மாட்டிய தன் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டுக்கொண்டான். இட்லி வெந்ததா வேகவில்லையா என்று பார்க்கத் தெரியாத ஆள் பேனரில் சிரித்துக்கொண்டிருந்தான். தங்கையின் பேர் எங்கேயும் இல்லை.

ஆனாலும் உள்ளுக்குள் உதறல்தான். விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வேலையை விடும்போது, "இனிமே உங்க கடையில புடவை மடிக்க வேற ஆளப் பாத்துக்கோங்க. நான் ஓட்டல் முதலாளி" என்று வீராப்பாகப் பேசிவிட்டு வந்திருந்தான். கடை ஓடவில்லை என்றால் அந்த முதலாளி முகத்தில்தான் திரும்பப் போய் விழிக்கவேண்டும். அந்தப் பயம்தான் அவனைக் கைராசிக்காரரைத் தேடி ஓட வைத்தது.

"விருத்தாசலம்னு ஒரு ரிட்டையர்டு கண்டக்டர் இருக்காரு. இங்க கடை வைக்கிறவங்க எல்லாரும் போணிக்கு அவரைத்தான் கூப்புடுவாங்க" என்று கட்டடத்து ஓனர்தான் சொல்லி அனுப்பினார்.

போய்ப் பார்த்தபோது விருத்தாசலம் ஈஸிசேரில் சாய்ந்தபடி அடுக்கினார். "செல் கடை, ஜூஸ் கடை, பேக்கரி, அப்பறம் ஒரு சலூன். எல்லாம் நான் போணி பண்ணதுதாம்பா. தொறந்த அன்னிக்கு ஒவ்வொண்ணுலயும் என்னா கூட்டம்ன்ற!"

அப்பாதுரைக்குப் புல்லரித்தது. அங்கேயே அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இதோ, நல்ல நேரத்துக்கு அவரும் வெள்ளை வேட்டி சட்டையில் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. சொந்தக்காரர்கள் கைதட்ட, ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"உஸ்... என்னா புழுக்கம்!" என்று அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஃபேன் சுவிட்சைப் போட்டார். வாடகைக்கு வந்த அன்று அந்த சுவிட்சைத் தேடி அப்பாதுரை கடையையே சல்லடை போட்டுச் சலித்திருந்தான். இவருக்கு மட்டும் எப்படி ஒரே தடவையில் கிடைத்தது? கைராசி என்றால் சும்மாவா என்று பூரித்துப் போனான்.

திரைக்குள் கையை நீட்டித் தட்டை வாங்கி, அவர் முன்னால் பவ்யமாக வைத்தான். விருத்தாசலம் ஒரு வாய் சாப்பிட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இட்லி பஞ்சு மாதிரி இருக்குதுப்பா! சட்னி அதுக்கு மேல. யாரு கைப்பக்குவம்?"

"மாஸ்டர் ஒருத்தர போட்டிருக்கேங்க ஐயா. ரொம்ப அனுபவசாலி" என்று அப்பாதுரை கூசாமல் சொன்னான். திரைக்குப் பின்னால் ஒரு கரண்டி சத்தமாக விழுந்தது.

தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்த விருத்தாசலம், ஒரு புது நோட்டை எடுத்து நீட்டினார். அப்பாதுரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். முதல் போணி ஆகிவிட்டது. இனி அந்த ஜவுளிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவேண்டாம் என்ற நிம்மதியில் அவனுக்குக் கண் கலங்கியது.

"ஐயா, அந்தச் செல் கடை, பேக்கரி எல்லாம் எந்தப் பக்கம் இருக்குதுங்க? அவங்களையும் ஒரு எட்டு பாத்துட்டு வர்றேன். எனக்கும் அவங்கள மாதிரி ஓடணும்."

விருத்தாசலம் துண்டால் வாயைத் துடைத்தபடி சிரித்தார்.

"எந்தப் பக்கமா? செல் கடை, ஜூஸ் கடை, பேக்கரி, சலூன் எல்லாமே இதே எடத்துலதாம்பா இருந்துச்சு! ஒருத்தர் மூடிட்டுப் போனா, அடுத்து வர்றவரும் மறக்காம என்னையத்தான் கூப்புடுவாரு."

கண்ணருகே பிடித்த நோட்டோடு அப்பாதுரை அப்படியே நின்றுவிட்டான்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யண்ணா, இப்ப நான் வெளிய வர்லாமா?"