டெமாரியோ கையில பந்தைக் குடுங்க!

"கோச், டெமாரியோ கையில பந்தைக் குடுங்கன்னு மூணு வாரமா கத்துறேன். உங்க காதுல என்ன, கோழிச் சிறகையா செருகி வெச்சிருக்கீங்க?"

ஒலிபெருக்கியில் வெர்லீனின் குரல் கேட்டதும் கோழிக்கடை மொத்தமும் சிரித்தது. வியாழக்கிழமை வந்துவிட்டால் ஹாலர்டன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்) கோச் ராய்ஸ் டிட்வெல் இந்தக் கடையில் உட்கார்ந்து, வறுத்த கோழியைக் கடித்துக்கொண்டே, ரேடியோவுக்கு போன் செய்கிறவர்களிடமெல்லாம் ஏச்சு வாங்க வேண்டும். அலபாமாவில் கோச் வேலையில் பாதி அதுதான்.

"வெர்லீன் அம்மா, சொன்னா கேளுங்க. டெமாரியோ தடுக்கிறவன். தடுக்கிறவன் தடுக்கணும், ஓடுறவன் ஓடணும். நம்ம ஓட்டக்காரங்க ஆடும்போது அவன் பெஞ்சுல உக்காந்து இளைப்பாறணும்."

"ஓட்டக்காரங்களா? போன வாரம் அவங்க ஓடின அழகுக்கு, என் மாமியார் வாக்கரைத் தள்ளிக்கிட்டே முந்தியிருப்பாங்க!"

கடை அதிர்ந்தது. நிகழ்ச்சி நடத்தும் வெய்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கே கோச்" என்று எண்ணெய் ஊற்றினான்.

ராய்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை கார்பின் கல்லூரியோடு ஆட்டம். பக்கத்து ஊர்ப் பரம வைரி. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவர்களிடம் உதை வாங்கியாகிவிட்டது. இந்த முறையும் தோற்றால் வேலை போய்விடும். இது ராய்ஸுக்கும் தெரியும், குளிர்ந்த டீ கொண்டு வந்து வைக்கிற பெண்ணுக்கும் தெரியும்.

"பள்ளிக்கூடத்துல அவன் பந்தோட ஓடினா பிடிக்க ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பாதி நேரம் பெஞ்சு தேய்க்க விடுறீங்களே, பாவம் சும்மா விடுமா?" வெர்லீனின் குரல் தழுதழுத்தது. "எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமையை நெனச்சு நெனச்சு சாப்பாடே இறங்காம கிடக்கார். எங்க குடும்பமே உங்களைத்தான் நம்பியிருக்கு கோச்."

தன்னை நம்பும் குடும்பம் ஒன்று ஊரில் இருக்கிறது என்று ராய்ஸ் கேள்விப்பட்டதே இல்லை. உருகிவிட்டான்.

"சரிம்மா! சனிக்கிழமை டெமாரியோ ஓட்டம், தடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுவான். போதுமா?"

மேசைகள் தட்டப்பட்டன. யாரோ தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். "மகராசனா இருப்பீங்க!" என்று வெர்லீன் போனை வைத்தாள்.

தடுப்பாட்டத்துக்குப் பயிற்சி தரும் ஹோமர், பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டி ராய்ஸின் காதைக் கடித்தான். "உனக்கென்ன கிறுக்கா? ரெண்டு பக்கமும் ஆடினா பையனுக்குக் கடைசியில நாக்குத் தள்ளிடும்."

"அதுக்குள்ள நாம ஜெயிச்சிருப்போம்டா."

சனிக்கிழமை அப்படித்தான் ஆரம்பித்தது. டெமாரியோ முதல் முறை பந்தைத் தொட்டதும் கார்பின் ஆட்கள் நாலு பேரை உதறிவிட்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை தாண்டினான். பேண்டு வாத்தியக்காரர்கள் சுதி தப்பி ஊதினார்கள். "ராய்ஸ்! ராய்ஸ்!" என்று அரங்கம் கூவியது. போன வாரம் அவனைத் தாரில் முக்கலாம் என்ற அதே வாய்கள். ராய்ஸ் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கேமராவுக்குக் கையசைத்தான்.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் டெமாரியோ எல்லைக்கோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தான்.

"உக்கார வெச்சிடலாம்" என்றான் ஹோமர்.

"அவனை விட்டா தடுக்க ஆள் ஏதுடா?"

அதற்குப் பிறகு கார்பின் ஆட்கள் பந்து வீசியதெல்லாம் டெமாரியோ நின்ற பக்கம்தான். மற்ற நாளில் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து நிறுத்துகிற பையன்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு அவன் நின்றான். கால் நகரவில்லை. ஹாலர்டன் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. ராய்ஸின் காரில் யாரோ முட்டையை வீசியிருந்தார்கள். அதுவும் அழுகல் முட்டை.

அடுத்த வியாழக்கிழமை கோழிக்கடையில் ஈ ஓட்டினார்கள். மறுநாள் கல்லூரியில் கூட்டம். எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் ராய்ஸின் முன்னால் ஆறிப்போன கோழியை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனார்.

"லைன்ல வெர்லீன்" என்றான் வெய்லன், மெதுவாக.

ராய்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, ஊரே காறித் துப்புது. நீங்களாவது திட்டாதீங்க."

"திட்டுறதா? நல்லா இருக்கே! நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் கோச். எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடும்னு பயந்துக்கிட்டே இருந்தோம். நேத்துதான் இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக் குடுத்தாங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

"என் புண்ணியமா? அவர் எங்கம்மா வேலை பார்க்கிறார்?"

"கார்பின்ல கோச்சா இருக்காரு. இந்த வருஷம் மத்த ஆட்டமெல்லாம் தோத்துட்டு நின்னார். உங்க டெமாரியோ இளைப்பாறிட்டுத் தெம்பா வந்து தடுக்க நின்னா எங்க பசங்க பருப்பு வேகாதுன்னு அவர்தான் வீட்டுல புலம்பிக்கிட்டே இருப்பார்" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கரிசனத்தோடு கேட்டாள்: "ஊர் மாத்துறதுக்குன்னு அட்டைப்பெட்டியெல்லாம் வாங்கி அடுக்கிட்டேன், எனக்கு இனிமே தேவைப்படாது. உங்க வீட்டம்மாவுக்கு அனுப்பி வைக்கட்டுமா?"