மூன்றாம் வரிசையில் ஒரு கை

இரண்டாவது தடவையும் பாட்டு கெட்டது.

எல்விரா பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அரங்கமும் கூடச் சேர்ந்து சிரித்தது. ஆனால் அவள் கண் கடிகாரத்துக்குப் போனது.

கெடுத்தவர்கள் எதிரிகள் அல்ல, ரசிகர்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் அபூர்வமாக வெயிலடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை விட்டுக்கொடுத்து, டிக்கெட் வாங்கி வந்தவர்கள். பாட்டு தொடங்கியதும் சந்தோஷம் தாங்காமல் கை தட்டினார்கள். அணிவகுப்புக்குத் தட்டுவதைப் போல, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பாட்டோ ஐந்தில் போகிறது.

ஸ்பெயினின் வடக்கே, புர்கோஸ் பக்கத்து ஊர்களில் அந்தத் தாளம் உண்டு. இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு குட்டி அடி, மூன்றுக்கு ஒரு நீள அடி. கொஞ்சம் நொண்டுகிற நடை. எல்விரா இளம் வயதிலிருந்தே அந்த ஊர்ப் பாட்டுகளைத்தான் பாடி வருகிறாள். அதே தாளத்தில் புதிதாக மெட்டும் போடுகிறாள்.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது அப்படி அவளே போட்ட இந்தப் பாட்டுதான். இதில் சொற்களே கிடையாது, வெறும் ஓசை. எந்த நாட்டில் பாடினாலும் ஜனம் கை தட்டும். சில ஊர்களில் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடும்.

வாத்தியக் குழு கூட இருந்தால் கைதட்டலைச் சமாளித்துவிடலாம். இன்று அவள் தனி. துணைக்கு இருப்பது கஞ்சிரா மாதிரி ஒரு சின்னப் பறை, அவ்வளவுதான். நூறு பேர் நான்கில் இழுத்தால் இரண்டு கை என்ன செய்யும்?

இந்த ஒரு பாட்டு இன்று பதிவாகாவிட்டால் ஆல்பம் வராது என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. ஆல்பம் வராவிட்டால் அடுத்த வருடம் மேடையும் கிடையாது.

வாசலில் அடுத்த நிகழ்ச்சிக்கான உள்ளூர்ப் பாடகர் குழு கோட்டும் டையுமாகக் காத்திருந்தது. நான்கு மணிக்கு அரங்கத்தைக் காலி செய்ய வேண்டும். ஜெர்மனியில் நான்கு மணி என்றால் நான்கு மணிதான்.

ஒலிப்பதிவு மேசையிலிருந்து நிதின் ஒரு விரலைக் காட்டினான். வார நாட்களில் சாஃப்ட்வேர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிப்பதிவு என்று இருக்கும் தமிழ் இளைஞன். இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்பது அந்த விரலின் அர்த்தம்.

“இந்த முறை தயவுசெய்து கை தட்டாதீர்கள்” என்று எல்விரா கேட்டுக்கொண்டாள்.

எல்லாத் தலைகளும் பொறுப்பாக ஆடின.

பாட்டு தொடங்கியது. முதல் சுற்று தப்பித்தது. இரண்டாவது சுற்றில் முன்வரிசைப் பெரியவர் ஒருவருக்குக் கை பொறுக்கவில்லை. தட். பக்கத்தில் அவர் மனைவி. தட். அப்புறம் அரங்கம் முழுக்க.

எல்விராவின் விரல்கள் நான்கை நோக்கிச் சரிய ஆரம்பித்தன.

அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

மூன்றாம் வரிசை ஓரத்தில், கதவை ஒட்டி, சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண். அவள் கை சால்வையின் மேல் மெல்ல விழுந்து எழுந்தது. குட்டி, நீளம். குட்டி, நீளம்.

ஐந்து!

சுற்றிலும் அத்தனை சத்தம். அந்தக் கை மட்டும் இம்மியும் பிசகவில்லை. அவள் மேடையைக்கூடப் பார்க்கவில்லை, தலை குனிந்திருந்தது. பெரிய வித்வான்கள்தான் அப்படிக் கேட்பார்கள் என்று எல்விரா நினைத்தாள்.

வேறு எதையும் பார்க்காமல் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு பாடினாள். பறையின் தாளம் நிமிர்ந்தது. நான்கில் தட்டியவர்கள் தடுமாறினார்கள். ஒருவர் நிறுத்தினார், பிறகு இன்னொருவர். கடைசிச் சுற்றில் அரங்கத்தில் அவள் குரல் மட்டும்தான் இருந்தது.

பாட்டு முடிந்தது. நூறு பேரும் கையை ஓங்கினார்கள்.

நிதின் பதறி எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, “வேண்டாம், வேண்டாம்” என்று சைகை காட்டினான். இந்தத் தடவை ஜனம் சொன்னதைக் கேட்டது. கைகளைக் காற்றில் ஆட்டிவிட்டுப் பூனைபோல வெளியேறியது.

ஒலிப்பதிவின் மேல் என்ன அக்கறை இந்தப் பையனுக்கு!

எல்விரா மேடையிலிருந்து குதித்து மூன்றாம் வரிசைக்கு ஓடினாள். “மாயெஸ்த்ரா! குருவே!” என்று கூவி அந்தக் கையைப் பிடிக்கப் போனாள்.

அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்து, பின்னாலேயே வந்த நிதினிடம் தமிழில் சொன்னாள்.

“நிதின், அவங்களை மெதுவா பேசச் சொல்லு. இப்பதான் கண் அசந்தான். எழுப்பிவிட்டா ராத்திரி முழுக்க நீதான் தூக்கிட்டு நடக்கணும், சொல்லிட்டேன்.”

சால்வை கொஞ்சம் விலகியது. உள்ளே, வாய் திறந்தபடி, ஆறு மாதக் குழந்தை.

“என் மனைவி சுபத்ரா. மிருதங்கம் படித்தவள்” என்று நிதின் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தான். “நான்கில் தட்டினால் இவன் முழித்துக்கொள்வான். ஐந்தில் தட்டினால்தான் தூக்கம். தவறாக நினைக்காதீர்கள் மேடம், உங்கள் பாட்டு நடக்கும்போதே தூங்கிவிட்டான்.”

எல்விரா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு பொங்கி வந்தது. சத்தம் வராமலிருக்கப் பறையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“தாலாட்டாகத்தான் போட்டேன், என் மகளுக்காக” என்று மெல்லச் சொன்னாள். “அவள் ஒருநாள்கூட இதைக் கேட்டுத் தூங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கை தட்டுவாள்.”